டாக்மீட் துணையா, சாமானா? லோன் வாண்டரர் பெர்க்கை வைத்து ஒரே ஒரு கேள்வி

#1 நான்காம்_இருக்கை

பக்கத்து இழையில் ஒருவர் எழுதியிருக்கிறார்: "ஃபால்அவுட் 4 டாக்மீட்தான் ஆர்பிஜி வரலாற்றிலேயே சிறந்த நாய்த் துணை. விவாதத்துக்கே இடமில்லை." அங்கே இடமில்லை என்பதால் இங்கே தனி இழை. (ஆர்பிஜி என்றால் பாத்திரமேற்று ஆடும் வீடியோ விளையாட்டு, டாக்மீட் அதில் நம்மோடு வரும் நாய்.)

ஒரே கேள்விதான். ஃபால்அவுட் 4-ல் கரிஸ்மா (கவர்ச்சிப் புள்ளி) 3 இருந்தால் லோன் வாண்டரர் பெர்க், அதாவது சிறப்புத் திறன், எடுக்கலாம். துணை யாரும் இல்லாமல் சுற்றும்போது, வாங்கும் அடி 15 சதவீதம் குறையும், சுமக்கும் எடை 50 கூடும். 17-ஆம் லெவலில் இரண்டாம் படி எடுத்தால் 30 சதவீதம், எடை 100. 40-ஆம் லெவலில் மூன்றாம் படி, கொடுக்கும் அடி 25 சதவீதம் கூடும். ஆள் துணை நிக் வாலன்டைனைக் கூட்டிப்போனால் இந்தப் பெர்க் அணைந்துவிடும். பைப்பரோடு போனாலும் அணைந்துவிடும். டாக்மீட்டோடு போனால் மட்டும் அணைவதில்லை.

"துணை இல்லாமல்" என்று எழுதியிருக்கும் பெர்க், நாய் காலடியில் நிற்கும்போதும் வேலை செய்கிறது. அதாவது விளையாட்டைச் செய்தவர்களே அந்த நாயைத் துணைக் கணக்கில் சேர்க்கவில்லை. அவர்கள் சேர்க்காததை நீங்கள் "சிறந்த துணை" என்கிறீர்கள்.

டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸில் (2009) பார்ட்டி (கூடச் சண்டை போடும் குழு) மொத்தம் நான்கு பேர். நாம் போக மூன்று இடம். மபாரி என்ற போர்நாய் அதில் ஒன்றை எடுத்துக்கொள்ளும். நாயைக் கூட்டிப்போக வேண்டும் என்றால் ஓர் ஆளை முகாமில் உட்காரவைக்க வேண்டும். விலை கொடுத்தால்தான் துணை. விலையில்லாமல் வருவது சாமான்.

#2 ஸ்டிம்பேக்

அந்தப் பதிவு போட்டது நான்தான். "ஒருவர்"னு எழுதாம பேரைச் சொல்லியே எழுதலாமே, என்ன பயம்?

பெர்க் வேலை செய்யறது குறை இல்லங்க, அதுதான் பலமே. 30 சதவீதக் காப்பும் கிடைக்குது, 100 எடையும் கிடைக்குது, மேல நாயும் கிடைக்குது. இதைவிட என்ன வேணும்? அதுக்கு மேல அட்டாக் டாக் பெர்க் இருக்கு, கரிஸ்மா 4. முதல் படில நாய் எதிரியைக் கவ்விப் பிடிச்சிருக்கும்போது வாட்ஸ்ல (நேரத்தை மெதுவாக்கிக் குறி வைக்கிற முறை) நம்ம குறி படற வாய்ப்பு கூடும். 9-ஆம் லெவல்ல ரெண்டாம் படி, கவ்வின கை காலை முடமாக்க வாய்ப்பு. 25-ல மூணாம் படி, ரத்தம் ஒழுகும். கத்தியும் துப்பாக்கியும் மாத்தி மாத்திப் பிடிக்கிற ரெய்டர் (கொள்ளைக்காரன்) ஒருத்தன் நாய் வாயில மாட்டிக்கிட்டு நிக்கறான்னா, அவன் உங்களைச் சுடல. அந்த ரெண்டு வினாடிதான் சண்டையே.

அப்புறம் அந்த அட்டாக் டாக் பெர்க் விளக்கத்தை ஒரு தடவை படிங்க. "விசுவாசமான நாய்த் துணை"ன்னு அதே விளையாட்டு, அதே பெர்க் சுவரொட்டில எழுதியிருக்கு. போதுமா?

#3 நான்காம்_இருக்கை

போதாது. ஒரு பெர்க்கில் துணை, அடுத்த பெர்க்கில் துணை இல்லை. நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்ற கதை. விளக்க வாசகத்தை எழுத்தாளர் எழுதுகிறார். பெர்க் எப்போது அணைய வேண்டும் என்பதை நிரலர் எழுதுகிறார். நான் நிரலரை நம்புகிறேன்.

#4 ஸ்டிம்பேக்

"துணை இல்லாமல்"ங்கறதும் விளக்க வாசகம்தானே! அதை வச்சுத்தானே நீங்க இழையே திறந்தீங்க? உங்களுக்குச் சாதகமா இருந்தா நிரல், இல்லாட்டி வாசகமா?

#5 நான்காம்_இருக்கை

கத்தினால் பெர்க் அணைந்துவிடாது. 15 சதவீதத்துக்குப் பதில் சொல்லுங்கள்.

#6 மோஜாவே_தூசி

இரண்டு பேருமே 2010-ஐத் தாண்டி எதிரெதிர்த் திசையில் ஓடுகிறீர்கள். ஃபால்அவுட்: நியூ வேகாஸில் (2010) இந்தச் சண்டைக்கு விடை ஏற்கெனவே இருக்கிறது. அங்கே துணை இருவர்: மனிதர் ஒருவர், மனிதர் அல்லாதது ஒன்று. மனிதர் அல்லாத இடத்துக்கு ரெக்ஸ் என்ற நாயும் ஈடி-ஈ என்ற ரோபோவும் போட்டி. ரெக்ஸ் வந்தால் ஈடி-ஈ போக வேண்டும். ஈடி-ஈ தூரத்தில் ஒளிந்திருக்கும் எதிரியைத் திசைகாட்டியில் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். அதை விட்டுக்கொடுத்துத்தான் நாயைக் கூட்டுகிறோம். இதுவும் விலைதான்.

பதிலுக்கு ரெக்ஸ் தருவது 'சர்ச் அண்ட் மார்க்'. மருந்து, துப்பாக்கி, தோட்டா இருக்கும் இடத்தை ஒளிரவைக்கும். மேலே மூளை மாற்று வேலை இருக்கிறது. ஃப்ரீசைடில் கிங்கிடம் ஆரம்பித்து, ஜேக்கப்ஸ்டவுனில் டாக்டர் ஹென்றியிடம் போக வேண்டும். அவர் மூளை கொண்டுவரச் சொல்வார். மூன்று வழி: கிழவி கிப்சனின் நாய் ரே, லீஜியன் முகாமில் லூபா, ஃபீண்டு கூட்டத்து வயலட்டின் நாய் வயலெட்டா. லூபா வைத்தால் கடியின் வலு கூடும், ரே வைத்தால் அடி தாங்கும் திறன் கூடும், வயலெட்டா வைத்தால் வேகம் கூடும். ஒருமுறை வைத்தால் வைத்ததுதான். வேகத்துக்கு ஆசைப்பட்டு வயலெட்டாவை வைக்கிறவர்கள் பிறகு புலம்புவார்கள். நாய் நமக்கு முன்னால் டெத்கிளா என்ற ராட்சத மிருகக் கூட்டத்துக்குள் போய்ச் சேர்ந்திருக்கும்.

ஹார்ட்கோர் என்ற கடின முறையில் துணை விழுந்தால் செத்தது செத்ததுதான். டாக்மீட்டைப் போல ஸ்டிம்பேக் ஊசி குத்தி எழுப்புகிற வேலை கிடையாது.

#7 நான்காம்_இருக்கை

ரெக்ஸ் அரை இருக்கை. மனிதர் இருக்கையைத் தொடவே இல்லை. மனிதத் துணை பூனுக்கும் நாய்க்கும் நடுவில் யார் என்று அந்த விளையாட்டு உங்களைக் கேட்பதில்லை. ஆரிஜின்ஸ் கேட்கிறது.

#8 மோஜாவே_தூசி

அரை இருக்கையா? எந்தச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது இது?

#9 அட்குறி

நெட்ஹேக் (எழுத்துகளாலேயே வரைந்த விளையாட்டு). 1987. முதல் நடையிலிருந்தே நாய் பக்கத்தில்.

#10 ஸ்டிம்பேக்

அதுல நாயே "டி"ங்கற ஒரு எழுத்துதானே.

#11 அட்குறி

அந்த எழுத்து செய்கிற வேலையைக் கேளுங்கள்.

ஒன்று: தரையில் கிடக்கும் பொருள் சபிக்கப்பட்டதா என்று காட்டும். நாய் அதன்மேல் சாதாரணமாகப் போனால் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். "தயங்கித் தயங்கித்தான் நகர்கிறது" என்று வரி வந்தால் தொடாதீர்கள். சாபம் சோதிக்கப் பலிபீடம் தேட வேண்டியதில்லை.

இரண்டு: கடையில் திருடும். நாயை உள்ளே விட்டுவிட்டு வாசல் பக்கம் தள்ளி நில்லுங்கள். பொருளைக் கவ்வி வந்து உங்கள் அருகில் போட்டதும் தின்னக் கொடுங்கள். குடல் இறைச்சிப் பொட்டலம் என்றால் உயிரை விடும். அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் கொண்டுவரும்.

மூன்று: படி இறங்கும்போது ஒட்டி அடுத்த கட்டத்தில் நின்றால்தான் கூட வரும். ஒரு கட்டம் தள்ளி இருந்தாலும் மேலேயே தங்கிவிடும். வெகுநேரம் கழித்துப் போனால் உங்களையே கடிக்கும்.

நான்கு: பசி. பசி வந்து 500 திருப்பம் (டர்ன்) தாண்டினால் அதன் உச்ச உயிர்ப்புள்ளி மூன்றில் ஒன்றாகிவிடும். 750 தாண்டினால் செத்துவிடும்.

ஐந்து: நீங்களே கொன்றால் அதிர்ஷ்டம் 5 இறங்கும், சீர்மை (அலைன்மென்ட்) 15 இறங்கும். அதற்கப்புறம் பிரார்த்தனை செய்து பாருங்கள்.

உங்கள் விளையாட்டுகளில் எத்தனையில் நாய்க்குப் பசிக்கிறது?

#12 நான்காம்_இருக்கை

நெட்ஹேக்கில் பார்ட்டியே இல்லை. இருக்கை இல்லாத இடத்தில் இருக்கைப் பேச்சு எதற்கு? தலைப்பைப் படித்துவிட்டு வாருங்கள்.

#13 அட்குறி

படித்தேன். பதினொன்றாம் பதிவுக்குப் பதில் இல்லை என்பதையும் படித்தேன்.

#14 பழைய_கேட்ரிட்ஜ்

இருக்கைதான் அளவுகோல் என்றால் ஜப்பான் பக்கம் வாங்க சார், வரிசையில் நிற்கிறார்கள். பெர்சோனா 3-ல் (2006) கொரோமாரு. வெள்ளை ஷிபா. வாயில் கத்தி கவ்விச் சண்டை போடும். சொந்தப் பெர்சோனா (சண்டைக்கு அழைக்கும் ஆவி) உண்டு, செர்பெரஸ். நெருப்பும் இருளும் அதன் கை, ஒளி பட்டால் தாங்காது. நான்கு பேர் பார்ட்டியில் ஒருவர் இடத்தைத்தான் எடுக்கிறது. டேல்ஸ் ஆஃப் வெஸ்பீரியாவில் (2008) ரெபீட், வாயில் புகைக்குழாயோடு. அதுவும் முழு இருக்கை. மதர் 3-ல் (2006) போனி. மோப்பம் பிடித்து எதிரியின் பலவீனத்தைச் சொல்லும், வேகத்தில் முன்னால் நிற்கும், ஆனால் பிஎஸ்ஐ (மனோசக்தி) ஒன்றும் கிடையாது.

உங்கள் மபாரிக்கு மட்டும் பட்டுப் பாய் எதற்கு?

#15 நான்காம்_இருக்கை

போனியைக் கதையே உட்காரவைக்கிறது. நீங்கள் தேர்ந்தெடுத்து யாரையும் எழுப்பவில்லை. தேர்வில்லாத இருக்கை இருக்கையே அல்ல. கொரோமாருவுக்கும் ரெபீட்டுக்கும் முக்கால் மதிப்பெண் தருகிறேன்.

#16 பழைய_கேட்ரிட்ஜ்

அரை, முக்கால், முழு. இட்டிலித் தட்டு போலக் கணக்கு போகிறது. சரி, இருக்கையே எடுக்காமல் சண்டையைப் புரட்டிப்போட்ட நாய் ஒன்றைச் சொல்கிறேன். ஃபைனல் ஃபேன்டஸி 8 (1999), ரினோவாவின் நாய் ஏஞ்சலோ. பெட் பால்ஸ் இதழ் வாங்கிப் படித்தால் புதுத் தந்திரம் பட்டியலில் வரும், ஒன்றைத் தேர்ந்துவிட்டு நடக்க நடக்கக் கற்றுக்கொள்ளும். அதில் இன்வின்சிபிள் மூன் விழுந்தால் மொத்தப் பார்ட்டிக்கும் கொஞ்ச நேரம் எந்த அடியும் ஏறாது.

இதில் எல்லோரும் செய்யும் தவறு, எல்லாத் தந்திரத்தையும் கற்றுவைப்பது. கம்பைன் (நாயோடு சேர்ந்து தாக்கும் கட்டளை) கொடுத்தால் கற்றதில் எது வரும் என்பது குலுக்கல்தான். ஏஞ்சலோ ஸ்ட்ரைக், விஷிங் ஸ்டார் எல்லாம் கையில் இருந்தால், சாகப்போகிற நேரத்தில் ஸ்ட்ரைக் வந்து நிற்கும். காப்புதான் முக்கியம் என்றால் மற்றதைக் கற்காமல் விடுங்கள். ஏஞ்சலோ ரெக்கவரும் ரிவர்ஸும் இந்தக் குலுக்கலில் சேராது, தானாகவே ஓடி வரும். அதனால் அவற்றைத் தாராளமாகக் கற்கலாம்.

#17 சும்மா_எட்டிப்பார்த்தவன்

ஃபைனல் ஃபேன்டஸி 7-ல ரெட் 13-ஐ ஏன் யாருமே சொல்லல? அதுவும் நாய்தானே?

#18 பழைய_கேட்ரிட்ஜ்

நாய் இல்லை.

#19 மோஜாவே_தூசி

நாய் மாதிரிதான் ஓடுகிறது.

#20 பழைய_கேட்ரிட்ஜ்

காஸ்மோ கேன்யனில் அதன் இனத்தைப் பற்றி ஒரு கதையே இருக்கிறது. நனாகி என்று பெயர் இருக்கிறது, பேசுகிறது. பிடரியைப் பார்த்தால் சிங்கம் என்பீர்கள், வாலைப் பார்த்தால் தீப்பந்தம் என்பீர்கள். நாய் என்று சொல்ல எது இருக்கிறது?

#21 சும்மா_எட்டிப்பார்த்தவன்

மூக்கு.

#22 ஸ்டிம்பேக்

மூக்கு நாய் மூக்குதான். நானும் ஆதரவு.

#23 நான்காம்_இருக்கை

ரெட் 13 நாயாக இருந்தாலும் நரியாக இருந்தாலும் மூன்று பேர் பார்ட்டியில் ஓர் இருக்கை எடுக்கிறது. டாக்மீட் எடுக்கவில்லை. மூக்கைப் பற்றி வேறு இழை திறந்துகொள்ளுங்கள்.

#24 ஸ்டிம்பேக்

சரி, இருக்கைக்கே வரேன். உங்க மபாரி இருக்கை எடுக்குதுல்ல, எடுத்து என்ன பண்ணுது? பூட்டு திறக்குமா? திறக்காது. குணப்படுத்துமா? படுத்தாது. கவசம் போடலாமா? கழுத்துப்பட்டை ஒண்ணு, கடிஸ் சாயம் ஒண்ணு, அவ்வளவுதான் அதோட சாமான். பெட்டி திறக்க லெலியானாவோ செவ்ரானோ வேணும், உயிர் பிடிக்க வின் வேணும், முன்னால நிக்க அலிஸ்டர் வேணும். மூணு இடமும் முடிஞ்சு போச்சு. அதனாலதான் பிசில "எக்ஸ்ட்ரா டாக் ஸ்லாட்"னு மோட் (ஆடறவங்களே செய்யற மாற்றம்) வந்துச்சு. நாயை அஞ்சாவதா கூட்டிட்டுப் போறதுக்குன்னே ஒரு மோட்! உங்க ஆளுங்களே அந்த விலையைக் கொடுக்கத் தயாரா இல்ல.

#25 நான்காம்_இருக்கை

மோட் விளையாட்டு அல்ல. இது பழைய பழக்கம் உங்களுக்கு. ஸ்கைரிம் வில் இழையிலும் மோட் எண்களைக் கொண்டுவந்து கொட்டினீர்கள், நினைவிருக்கிறது.

மபாரி என்ன செய்யும் என்று கேட்டதால் சொல்கிறேன். டிரெட் ஹவுல், சுற்றி நிற்பவர்களை உறையவைக்கும். ஓவர்வெல்ம், ஒருவனைக் கீழே தள்ளி ஏறி நின்று கடித்துக்கொண்டே இருக்கும், அவன் எழும்வரை அவனால் மந்திரம் போட முடியாது. எதிரி மந்திரவாதி ஒருவன் பின்வரிசையில் நின்றால் முதல் வேலையாக நாயை அவன்மேல் ஏவ வேண்டும். டாக்டிக்ஸ் (தானாக நடக்கும் கட்டளை) பட்டியலில் முதல் வரியிலேயே மந்திரம் போடும் எதிரிக்கு ஓவர்வெல்ம் என்று போட்டுவிடுங்கள், கவனிக்கவே வேண்டாம். ஏரியாவில் சில இடங்களில் நாயைக் கொண்டு காலைத் தூக்கவைத்தால் அந்த ஏரியா முழுக்க அதற்குப் பலம் கூடும், மபாரி டாமினன்ஸ் என்று பெயர். ஏதாவது கிடைக்குமா பார் என்று அனுப்பினால் பரிசுப்பொருள் தேடிக்கொண்டு வரும். உங்கள் மேல் அதன் ஒப்புதல் எப்போதும் 100. குறையவே குறையாது.

கீழே விழுவது உண்மைதான், நைட்மேர் கடினத்தில் சீக்கிரமே விழும். காரணம் கவசமில்லாத நாயை சார்ஜ் போட்டு முதல் ஆளாக உள்ளே அனுப்புகிறீர்கள். டேங்க் (அடி தாங்கும் முன்வரிசை ஆள்) போய் எல்லோரையும் தன் பக்கம் இழுத்த பிறகு நாயை அனுப்ப வேண்டும். தவறு நாயுடையது அல்ல.

#26 ஸ்டிம்பேக்

காலைத் தூக்கறது எல்லாம் ஒரு சிறப்பா எழுதறாரு பாருங்க.

ஒப்புதல் 100, குறையவே குறையாதுன்னு நீங்களே சொல்றீங்க. அப்ப மத்த துணைங்க மாதிரி கோபம் இல்ல, விலகிப் போறது இல்ல, கருத்து இல்ல. டாக்மீட்டுக்கும் அதேதான், நீங்க திருடினாலும் கொன்னாலும் கண்டுக்காது. அப்ப எங்க வித்தியாசம்?

#27 நான்காம்_இருக்கை

இருக்கை.

#28 மோஜாவே_தூசி

ஸ்டிம்பேக், விடாதீர்கள், இன்னொன்று இருக்கிறது. ஆரிஜின்ஸைச் செய்த அதே பயோவேர் 2011-ல் டிராகன் ஏஜ் 2 கொண்டுவந்தது. அதில் பிளாக் எம்போரியம் டிஎல்சி (தனியாகத் தரவிறக்கும் கூடுதல் பகுதி) இருந்தால் மபாரி கிடைக்கும். எப்படி? அழைத்தால் வந்து நிற்கும் திறனாக. பார்ட்டியில் யாரும் எழுந்து இடம் தர வேண்டியதில்லை. இரண்டே வருடத்தில் இருக்கையைப் பிடுங்கியது செய்தவர்களேதான். "செய்தவர்களே சேர்க்கவில்லை" என்பது உங்கள் வாதம். அதே கத்தி இங்கேயும் வெட்டும்.

#29 நான்காம்_இருக்கை

டிராகன் ஏஜ் 2 மபாரி துணை அல்ல. அதை நான் எப்போதுமே சொல்லவில்லை. நான் சொன்னது ஆரிஜின்ஸ் மபாரி. வார்த்தையைப் புரட்ட வேண்டாம்.

#30 பழைய_கேட்ரிட்ஜ்

ஒரு சந்தேகம், மபாரியா மாபாரியா?

#31 நான்காம்_இருக்கை

மபாரி.

#32 மோஜாவே_தூசி

விளையாட்டில் உச்சரிப்பதைக் கேட்டால் "மபாஆரி". நெடில் நடுவில். அதனால் உங்கள் எழுத்தும் சரி, அவர் கேள்வியும் சரி.

#33 பழைய_கேட்ரிட்ஜ்

நடுவில் நெடில் ஏற்கெனவே இருக்கிறதே ஐயா, "பா" என்ன குறிலா?

#34 ஸ்டிம்பேக்

இவங்க இலக்கணம் முடிக்கறதுக்குள்ள நான் கேக்கறேன். நீங்க நாயை எப்படி வாங்கறதுன்னு சொல்லவே இல்ல. மனிதப் பிரபு குலத்துல ஆரம்பிச்சா கையோட வரும். மத்த அஞ்சு ஆரம்பத்துல? ஆஸ்டகார்ல நாய்க்கூண்டுக்காரன்கிட்ட பேசி, நோய்ப்பட்ட நாய்க்கு வாய்க்கூடு மாட்டி, கோர்காரி காட்டுல போய் ஒரு பூ பறிச்சுட்டு வந்து கொடுக்கணும். பூவைக் கொடுக்காம கோபுரச் சண்டைக்குப் போயிட்டா அந்த ஆட்டம் முழுக்க நாய் கிடையாது. சேறும் ஓநாயுமா இருக்கற காட்டுல வெள்ளைப் பூ ஒண்ணு, டேப் பட்டனைப் பிடிச்சுக்கிட்டே நடந்தாத்தான் கண்ணுல படும். முதல் தடவை ஆடறவங்க தவறவிட்டா தெரியக்கூடத் தெரியாது. டாக்மீட்? சாங்க்சுவரிலருந்து இறங்கினா ரெட் ராக்கெட் பெட்ரோல் நிலையம், வாசல்லயே நிக்கும்.

#35 நான்காம்_இருக்கை

கேட்காமலே வருகிறது, எதையும் எடுத்துக்கொள்ளாமலே தங்குகிறது, எதனாலும் சாகாது. நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை. என் கேள்வியை நீங்களே நிரூபிக்கிறீர்கள்.

#36 ஸ்டிம்பேக்

வேலை இல்லையா? வில்லன் கெல்லாகைத் தேடறப்போ சுருட்டு வாசனையைக் காட்டினா வழி பிடிச்சுட்டுப் போறது யாரு, நிக்கா? அந்தக் குவெஸ்ட் (கதைப் பணி) பேரே ரீயூனியன்ஸ். நாய் இல்லாம அந்தக் கதை நகருமா?

#37 அட்குறி

அதுவும் நகரும் வேகம். நின்று நின்று. ஒவ்வொரு தடயத்துக்கும் உட்கார்ந்து குரைத்து.

#38 மோஜாவே_தூசி

டாக்மீட்டின் கவசத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். கனமான நாய்க்கவசம், நாய்த் தலைக்கவசம் எல்லாம் மாட்டலாம். தடுப்பு எண் பூஜ்யம். வெறும் அலங்காரம். போருக்கு அனுப்பும் நாய்க்கு மாப்பிள்ளை வேஷம்.

#39 ஸ்டிம்பேக்

சாகாத நாய்க்குத் தடுப்பு எதுக்கு?

#40 நான்காம்_இருக்கை

இந்த வரியைச் சேமித்துவைத்துக்கொள்கிறேன். "சாகாத நாய்க்குத் தடுப்பு எதற்கு." சொன்னது டாக்மீட் கட்சி.

1997 டாக்மீட்டைப் பாருங்கள். ஜங்க்டவுனில் ஃபில் வீட்டு வாசலில் நிற்கும். தோல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு போனால் வரும், இல்லையென்றால் குச்சியில் குத்திய இகுவானாவைக் கொடுத்தால் வரும். அதற்கு லெவல் ஏறாது, கட்டளை கொடுக்க முடியாது. மாரிபோசா ராணுவத் தளத்தில் ஒளிச்சுவர்களுக்குள் தானே நடந்துபோய்ச் செத்துவிடும். அடி வாங்கிய பிறகும் விலகத் தெரியாது, திரும்பத் திரும்ப அதே சுவரில் ஏறும், ஏனென்றால் நம் பின்னால் வர அதற்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். உயிரோடு கொண்டுவர வேண்டுமென்றால் சுவரை முதலில் அணைத்துவிட்டுத்தான் அந்தப் பாதையில் கால் வைக்க வேண்டும். அந்த நாய்க்கு மரியாதை உண்டு.

#41 மோஜாவே_தூசி

ஆனால் அதுவும் இருக்கை எடுப்பதில்லையே? ஃபால்அவுட் 1-ல் இத்தனை பேர்தான் என்று முகாமில் உட்காரவைக்கும் கணக்கு கிடையாது. இயன், டைக்கோ, கட்ஜா, நாய், எல்லோரும் ஒன்றாகவே வரலாம். உங்கள் சட்டப்படி இதுவும் சாமான்.

#42 நான்காம்_இருக்கை

மரியாதை உண்டு என்றேன். துணை என்று சொன்னேனா?

#43 ஸ்டிம்பேக்

😂😂

#44 பழைய_கேட்ரிட்ஜ்

அப்படியே ஃபேபிள் 2-க்கும் (2008) தீர்ப்பு சொல்லிவிடுங்கள். அதில் பார்ட்டி என்ற ஒன்றே இல்லை. நாய் மட்டும்தான், தொடக்கத்திலிருந்து முடிவுவரை. புதையல் இருக்கும் இடத்தைக் குரைத்துக் காட்டும், நீங்கள் மண்வெட்டியால் தோண்ட வேண்டும். பயிற்சிப் புத்தகம் படித்தால் புதையல் தேடும் திறனும் சண்டைத் திறனும் படிப்படியாக ஏறும். திறன் ஏறாத நாயை வைத்துக்கொண்டு தோண்டினால் கிடைப்பது குப்பைதான், நாயைத் திட்டிப் பயனில்லை, புத்தகக் கடைக்குப் போங்கள். நீங்கள் நல்லவராக ஆடினால் அதன் நிறம் வெளுக்கும், கெட்டவராக ஆடினால் கறுக்கும். சண்டையில் சாகாது, நொண்டும். ஆனால் கடைசியில் வில்லன் லூசியன் சுடும்போது சாகும். அப்புறம் மூன்று வரங்களில் ஒன்று: பலியானவர்கள் எல்லோரும் திரும்ப வேண்டுமா, உங்கள் பிரியத்துக்கு உரியவர்களும் நாயும் மட்டும் வேண்டுமா, பணம் வேண்டுமா. ஆயிரக்கணக்கானவர்களை எதிர்த்தட்டில் வைத்து நாயை எடை போடச் சொல்கிறது. ஓர் இருக்கையைவிட இது பெரிய விலை இல்லையா?

#45 நான்காம்_இருக்கை

ஒருமுறை கேட்கும் கேள்வி. ஆரிஜின்ஸ் ஒவ்வொரு பயணத்துக்கும் கேட்கிறது.

#46 பழைய_கேட்ரிட்ஜ்

துணையா இல்லையா? ஒரே வார்த்தை.

#47 நான்காம்_இருக்கை

நீங்கள் முதலில் 15 சதவீதத்துக்குப் பதில் சொல்லுங்கள். 46 பதிவு ஆகிவிட்டது.

#48 சும்மா_எட்டிப்பார்த்தவன்

ஸ்கைரிம் நாய்க்கு யாரும் வக்கீல் இல்லையா?

#49 மோஜாவே_தூசி

எந்த நாய்? மீக்கோ, குடிசையில் எஜமானன் பிணத்தருகே இருக்கும், சும்மா கூட்டிப்போகலாம். விஜிலன்ஸ், மார்கார்த் லாயத்தருகே பானிங் 500 தங்கத்துக்கு விற்பான். நாய் விற்ற காசு குரைக்காது, ஆனால் வாங்கின நாய் குறுகலான குகைப்பாதையில் நம் முன்னால் நின்று வழியை அடைக்கும், கண்ணியில் கால் வைக்கும். மனிதத் துணைக்கும் விலங்குக்கும் தனித்தனி இடம் என்பதால் நம்மவர் சட்டப்படி இவையும் அரை இருக்கைதான்.

பார்பாஸ் என்ற நாய் தனி ரகம். கிளாவிகஸ் வைல் குவெஸ்ட் முடியும்வரை அதைக் கொல்ல முடியாது, அதனால் சிலர் குவெஸ்டை முடிக்காமலே வைத்துக்கொள்வார்கள். விலை என்ன தெரியுமா? ஓயாத குரைப்பு. மேலே பின்னாலிருந்து முட்டித் தள்ளும். ஒளிந்து அம்பு விடும் நேரத்தில் ஒரு தள்ளு, மலை விளிம்பில் ஒரு தள்ளு. கடைசியில் அதைக் கொன்றால் ரூஃபுல் கோடாரி, விட்டுவிட்டால் முகமூடி. முகமூடிதான் லாபம், கோடாரி ஆமை வேகம்.

#50 அட்குறி

நெட்ஹேக் நாய் குரைத்துக் காரியம் கெட்டதில்லை.

#51 ஸ்டிம்பேக்

பால்டர்ஸ் கேட் 3 (2023) ஸ்க்ராட்ச்? செத்த எஜமானன் பக்கத்துல காவலிருக்கும், மெதுவாப் பேசி நம்ம வாசனையைக் காட்டினா முகாமுக்கு வரும். அப்புறம் பந்தைக் கொடுக்கும், அந்தப் பந்தை வச்சு சண்டைக்கு அழைக்கலாம். விழுந்து கிடக்கற ஆளை ஹெல்ப் கொடுத்து எழுப்பிவிடும். கடிச்சு ஒண்ணும் பெரிசா ஆகாது, ஆனா குணப்படுத்தற கிளெரிக்கோட ஒரு ஆக்‌ஷன் மிச்சம். பார்ட்டில நாலு பேரும் அப்படியே இருப்பாங்க. இதுவும் சாமானா?

#52 நான்காம்_இருக்கை

பந்தை எறிந்தால் வருவது அழைப்பு மந்திரம். சாமானுக்கும் ஒரு படி கீழே.

#53 ஸ்டிம்பேக்

உலகத்துல இருக்கற எல்லா நாயும் சாமான், உங்க வீட்டு நாய் மட்டும் துணை. புரிஞ்சுது.

#54 நான்காம்_இருக்கை

புரிந்ததென்றால் முதல் பதிவுக்குப் பதில் எழுதுங்கள். லோன் வாண்டரர், கரிஸ்மா 3, முதல் படி, 15 சதவீதம். நாய் பக்கத்தில் இருக்கும்போது அணையவில்லை. ஏன்?

#55 ஸ்டிம்பேக்

எத்தனை தடவை? அந்தப் பெர்க்ல நாய்க்கு மட்டும் விலக்கு கொடுத்திருக்காங்க, அதான். ஆனா ஆள் துணையைக் கூட்டினா டாக்மீட் போயிடணும், ரெண்டையும் சேர்த்துக் கூட்ட முடியாது. அப்ப அந்த ஒரே இடத்தை நாய் எடுத்துக்குதுல்ல? நிக்கா நாயான்னு விளையாட்டு கேக்குதுல்ல? இதுதானே உங்க விலை!

#56 மோஜாவே_தூசி

ஆஹா. இது ஐந்தாவது பதிவிலேயே வந்திருக்க வேண்டியது.

#57 நான்காம்_இருக்கை

இடத்தை எடுத்துக்கொண்டும் "துணை இல்லை" என்றே பெர்க் கணக்கு வைக்கிறது என்றால் அது இன்னும் மோசம். காலி நாற்காலியில் துண்டு போட்டுவைப்பதும் இடம் பிடிப்பதுதான். துண்டைத் துணை என்பீர்களா?

#58 ஸ்டிம்பேக்

துண்டு ரெய்டர் காலைக் கவ்வுமா?

#59 பழைய_கேட்ரிட்ஜ்

ஃபேபிள் 2. ஒரே வார்த்தை. காத்திருக்கிறேன்.

#60 நான்காம்_இருக்கை

எல்லா விளையாட்டையும் இருக்கை வாரியாகப் பிரித்துப் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறேன், முழு, முக்கால், அரை, துண்டு என்று நான்கு வரிசை. போட்ட பிறகு பேசுவோம். அதுவரை 15 சதவீதம் அப்படியே நிற்கிறது.

#61 சும்மா_எட்டிப்பார்த்தவன்

பட்டியல்ல ரெட் 13 எந்த வரிசை?

#62 பழைய_கேட்ரிட்ஜ்

அது நாய் இல்லை என்று சொன்னேனே.